செருப்பைக் கழற்றச் சொன்னார்களா?

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தபோது அவருக்கு வயது 51. அதன் பிறகு பன்னிரண்டு வருடம், மாதம் தவறாமல் வைத்தியத்துக்குப் போனார். ஒவ்வொரு முறையும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அத்தனை வருடத்தில் ஒரு முறைகூட, "செருப்பைக் கழற்றுங்கம்மா, பாதத்தைப் பார்க்கணும்" என்று யாரும் சொல்லவில்லை. பெருவிரலுக்கு அடியில் புண் வந்தது அம்மாவுக்கே தெரியாது. கால் அவ்வளவு மரத்துப்போயிருந்தது. சமையலறைத் தரையில் ஈரத் தடம் விழுந்திருப்பதைக் கண்டு நான்தான் குனிந்து பார்த்தேன். இரண்டு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த இடம் பளிச்சென்று இருந்தது. உட்கார நல்ல நாற்காலி, அன்பாகப் பேசும் ஆட்கள். அம்மா கடைசிவரை அவர்களைக் குறை சொல்லவில்லை. சுத்தமும் அன்பும் கட்டாயம் வேண்டும். ஆனால் அவற்றை மட்டும் வைத்து ஓர் இடத்தில் வைத்தியம் சரியாக நடக்கிறதா என்று சொல்ல முடியாது. வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை இந்த ஒன்பது வருடமாகக் கற்றுவருகிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில். அம்மா பிறந்தது மேகசின் பேரக்ஸில், நகராட்சியில் வேலை பார்த்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த லைன் வீடுகளில். 1960களில் அங்கிருந்தவர்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற நேரத்தில் எங்கள் பகுதி அரசு கிளினிக்கின் கமிட்டி வேலை.

இந்த நாட்டில் 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டம் கிளினிக்குகளுக்குக் கமிட்டி அமைக்கச் சொல்கிறது. அதில் நகராட்சிக் கவுன்சிலர், கிளினிக்கின் பொறுப்பாளர், ஊர் மக்கள் என்று எல்லாத் தரப்பும் இருக்க வேண்டும். சட்டப்படி சோதனை செய்து சான்றிதழ் கொடுப்பது ஓ.எச்.எஸ்.சி. என்ற தர அலுவலகத்தின் வேலை. அது தவிர 2013இல் தொடங்கிய ஐடியல் கிளினிக் திட்டத்தில் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் கொடுக்கிறார்கள். இந்த இரண்டிலும் எதையெல்லாம் சோதிக்கிறார்கள் என்ற பட்டியல்களை வாங்கிப் படித்துவிட்டுப் போவது நல்லது. ஆனால் அதிகாரிகள் வருவது எப்போதோ ஒரு நாள். நாம் ஊரில் இருப்பவர்கள், எந்த நாளும் போய்ப் பார்க்கலாம். அதுதான் நம் பலம்.

முதலில் அனுமதி கேளுங்கள். ஆபரேஷனல் மேனேஜரை, அதாவது பொறுப்பு சிஸ்டரை, நேரில் பார்த்து என்ன பார்க்கப்போகிறோம், எதற்காக என்று சொல்லுங்கள். நான் மாதத்தைச் சொல்வேன், தேதியைச் சொல்ல மாட்டேன். "அடுத்த மாதம் ஒரு நாள் வருவேன் சிஸ்டர்" என்றால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒளிந்து போய்ப் படம் பிடிப்பது, நோயாளிகளுக்கு நடுவே சத்தம் போடுவது எல்லாம் கூடவே கூடாது. கமிட்டியில் இருந்தாலும் யாருடைய ஃபைலையும் திறந்து படிக்க நமக்கு உரிமை இல்லை. நோயாளியின் விவரம் ரகசியம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஃபைலிலிருந்து ஏதாவது தெரிய வேண்டுமானால், சிஸ்டரையே இருபது ஃபைலை எடுத்துப் பார்த்து எண்ணிக்கையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

எந்த நாள் போவது என்பதிலும் கவனம் வேண்டும். எங்கள் பக்கம் திங்கட்கிழமை கூட்டம் தாங்காது. முதியோர் உதவிப் பணம் வரும் நாட்களில் பாதிப் பேர் கடைத்தெருவில் இருப்பார்கள், கிளினிக் காலியாகத் தெரியும். ஒரு திங்கள், ஒரு வியாழன் என்று இரண்டு நாள் போனால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

காலை ஆறு மணிக்கே போய் வரிசையில் உட்காருங்கள். நோட்டுப் புத்தகத்தில் பத்துப் பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், "பச்சை ஸ்வெட்டர்", "இரட்டைக் குழந்தை அம்மா" என்று போதும். ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது ஃபைல் கிடைத்தது, எப்போது எடையும் பிரஷரும் பார்த்தார்கள், எப்போது சிஸ்டரிடமோ டாக்டரிடமோ போனார், மருந்தோடு எப்போது வெளியே வந்தார் என்று எழுதுங்கள். ஒருவர் கிளினிக்கில் இருக்கும் நேரம் சராசரியாக 3 மணிக்கு மேல் போகக்கூடாது என்பது அரசு வைத்திருக்கும் இலக்கு. மொத்த நேரத்தை மட்டும் பார்த்துக் கோபப்படாமல், அது எங்கே போகிறது என்று பாருங்கள். நான் முதன்முதலில் இப்படிக் குறித்தபோது டாக்டர் தாமதம் செய்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கணக்குப் போட்டால் ஒவ்வொருவருக்கும் ஒன்றேகால் மணி நேரம் ஃபைல் தேடுவதிலேயே போயிருந்தது. டாக்டர் பாவம், உள்ளே ஆள் வராமல் காத்திருந்தார்.

வரிசையில் இருக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். யாராவது ஒரு சிஸ்டர் வரிசை நெடுகிலும் நடந்து வந்து முகங்களைப் பார்க்கிறாரா? மூச்சு வாங்குபவர், காய்ச்சலில் துவண்ட குழந்தை, தள்ளாத கிழவி ஆகியோரை முன்னால் கூப்பிட வேண்டும். இருமுபவரைத் தனியாக, காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து முகக்கவசம் கொடுக்க வேண்டும். டிபி இன்னும் இந்த நாட்டை விட்டுப் போகவில்லை. குளிர்காலத்தில் ஜன்னலை எல்லாம் அடைத்துவிடுவார்கள். நான் போனால் முதலில் ஜன்னலைத்தான் எண்ணுவேன், திறந்தது எத்தனை, மூடியது எத்தனை என்று.

எடை பார்க்கும் மேசைக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்காருங்கள். அங்கே பேசுவது உங்கள் காதில் விழுகிறதா? ஒருவரின் எச்.ஐ.வி. மாத்திரை பற்றிய பேச்சு பெஞ்சில் இருப்பவருக்குக் கேட்டால் அது சின்ன விஷயம் அல்ல. அந்தப் பெண் அடுத்த மாதம் வராமலே நின்றுவிடலாம். ஒரு திரையும், மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடுவதும் பல இடங்களில் போதும்.

பிரஷர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை நின்று கவனியுங்கள். வந்தவரை ஐந்து நிமிடமாவது உட்கார விட வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் இருக்க வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் தாங்கலாக இருக்க வேண்டும். பருமனான கைக்குப் பெரிய பட்டை வேண்டும். சின்னப் பட்டையைச் சுற்றினால் பிரஷர் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும், வேண்டாத மாத்திரை கூடும். "பெரிய பட்டை இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், "காட்டுங்கள்" என்று கேளுங்கள். இந்த வேலை முழுவதற்கும் நான் பிடித்துக்கொண்ட வழி இதுதான். இருக்கிறது என்று தாள் சொன்னால் பொருளைப் பார்க்க வேண்டும். பொருள் கண்முன் இருந்தால் அதற்கான தாளைப் பார்க்க வேண்டும்.

தடுப்பூசி ஃபிரிட்ஜில் இது மிகவும் உதவும். உள்ளே 2 முதல் 8 டிகிரி வரை இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்த்துக் கதவில் ஒட்டிய தாளில் குறிக்க வேண்டும். சூடு ஏறினால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. குழந்தைக்குப் போடும் ஆறு நோய்த் தடுப்பூசி, டெட்டனஸ் ஊசி, ஹெபடைடிஸ் பி ஊசி எல்லாம் ஒரு தடவை உறைந்தால் வீண்தான், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆகவே குப்பிகள் உறைபெட்டியின் தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கதவுத் தட்டில் வைத்திருக்கக் கூடாது. சாப்பாட்டு டப்பா இருக்கக் கூடாது. பிறகு தாளைப் பாருங்கள். மாதம் முழுவதும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லாக் கட்டத்திலும் 5 என்றிருந்தால், அது ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பிய தாள். உண்மையான தாளில் ஒரு நாள் 4 இருக்கும், ஒரு நாள் 6, லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு வந்த நாளில் 9 இருந்து பக்கத்தில் "குளிர்ப்பெட்டிக்கு மாற்றினோம்" என்று எழுதியிருக்கும். அந்த 9ஐ மறைக்காமல் எழுதிய சிஸ்டரைத்தான் நான் நம்புவேன். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஐஸ் பேக்கும் குளிர்ப்பெட்டியும் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு குழாயில் தண்ணீர் இல்லாமல் தவித்தது எங்களுக்கு மறக்காது. தண்ணீர்த் தொட்டியையும் அப்படியே தட்டிப் பாருங்கள், நிரம்பியிருக்கிறதா என்று.

அடுத்தது அவசர டிராலி. ஐடியல் கிளினிக் பட்டியலில் விட்டுக்கொடுக்கவே கூடாதவை என்று குறித்த சிலவற்றில் இதுவும் ஆக்சிஜனும் உண்டு. தினமும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், பயன்படுத்தியதும் திரும்ப நிரப்ப வேண்டும். சிஸ்டரிடம், "ஒருவர் இப்போது இங்கே விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆக்சிஜன் கொடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சிலிண்டரைத் திறந்து மாஸ்கில் உஸ்ஸென்று காற்று வர எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் சிலிண்டர் நிறைய இருந்தது, திறக்கும் சாவி மட்டும் இல்லை. தாளில் அன்று காலையில்தான் டிக் போட்டிருந்தார்கள். குழந்தைக்கான சின்ன மாஸ்க் இருக்கிறதா, அட்ரினலின் காலாவதி ஆகவில்லையா, சர்க்கரை தாழ்ந்து மயங்கியவருக்கு ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறதா, இதையெல்லாம் கையில் எடுத்துப் பாருங்கள்.

மருந்து அலமாரியில் ஐந்து மருந்தைப் பார்த்தால் போதும். நான் பார்ப்பது சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், பிரஷருக்கான அம்லோடிபின், பாராசிட்டமால், ஆஸ்துமா பம்ப், வயிற்றுப்போக்குக்கான உப்புக் கரைசல். பின் கார்டு என்ற இருப்பு அட்டையில் எழுதிய எண்ணும் தட்டில் உள்ள எண்ணும் ஒன்றா, சீக்கிரம் காலாவதியாகும் டப்பா முன்னால் இருக்கிறதா, அவ்வளவுதான். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் மஞ்சள் பெட்டி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது. கழிப்பறையில் சோப்பு வேண்டும். கை துடைக்கத் தாள் வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வாசல். மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வருபவர்களிடம்தான் வைத்தியத்தின் தரம் இருக்கிறது. பக்கத்தில் உம்லாசி என்ற ஊர் இருப்பதால் எங்கள் கிளினிக்குக்கு ஜுலு பேசுபவர்களும் நிறைய வருகிறார்கள். என் ஜுலு வணக்கத்தோடு நின்றுவிடும், அதனால் ஜுலு பேசும் தோழி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவேன். "சவுபோனா, கோகோ" (வணக்கம், பாட்டி) என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் யார், எதற்குக் கேட்கிறோம், பெயர் வேண்டாம், விருப்பமில்லாவிட்டால் பேச வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. கேட்க ஆள் இல்லாமல்தான் இருந்திருக்கிறார்கள்.

"திருப்தியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இலவச வைத்தியம் கிடைத்தவர், அதிலும் வயதானவர், திருப்தி என்றுதான் சொல்வார். என் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். கையில் இருக்கும் மாத்திரைப் பையைக் காட்டி, "இதை எப்படிச் சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். சரியாகச் சொல்கிறாரா, உறைமேல் எழுதியிருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். "இன்றைக்கு உங்க பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று சொன்னாங்களா?" என்பது அடுத்தது. "எப்படி ஆனால் தேதிக்கு முன்னாலேயே ஓடி வரணும் என்று சொன்னாங்களா?" என்பது மூன்றாவது. குழந்தையோடு வந்தவரானால் குழந்தையின் வளர்ச்சியையும் தடுப்பூசியையும் குறிக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தைக் காட்டச் சொல்லலாம். எடை எழுதியிருப்பார்கள். வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். புள்ளி வைத்தால்தான் கோடு கீழே வளைவது தாய்க்கும் தெரியும்.

சர்க்கரை உள்ளவரிடம் இன்னும் மூன்று கேள்வி. இந்த ஒரு வருடத்தில் கையிலிருந்து ரத்தம் எடுத்து, ஹெச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைப் பார்த்தார்களா, முடிவை உங்களிடம் சொன்னார்களா? கண்ணைப் பரிசோதிக்க அனுப்பினார்களா? செருப்பைக் கழற்றச் சொன்னார்களா? பாதத்தை வெறும் கண்ணால் பார்ப்பதோடு, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையால் அங்கங்கே தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்க வேண்டும். இரண்டு நிமிட வேலை, பெரிய செலவும் இல்லை. நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

புகார்ப் பெட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். பக்கத்தில் படிவமும் பேனாவும் இருக்க வேண்டும், ஆங்கிலத்தோடு ஜுலுவிலும். புகார் வந்தால் 5 வேலை நாளுக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், 25 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆறு மாதமாக ஒரு புகாரும் இல்லை என்று பெருமையாகச் சொன்னால், பெட்டியின் சாவி யாரிடம், கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று கேளுங்கள். இவ்வளவு பேர் வந்துபோகும் இடத்தில் ஒரு புகாரும் இல்லையென்றால் மக்கள் எழுதப் பயப்படுகிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

தனியார் டாக்டரின் சர்ஜரிக்குள், அதாவது அவர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்குள், போய் இப்படியெல்லாம் பார்க்க நமக்கு இடமில்லை. ஆனால் நோயாளியாகப் போகும்போது பார்க்கலாம். டாக்டரின் பெயர் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. என்ற மருத்துவத் தொழில் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். அங்கேயே மருந்து கொடுத்தால் அதற்குத் தனி உரிமம் வேண்டும், கேட்டுப் பார்க்கலாம். பாக்கெட்டில் உங்கள் பெயர், மருந்தின் பெயர், எப்படிச் சாப்பிடுவது, தேதி எல்லாம் இருக்க வேண்டும். "காலை 1, இரவு 1" என்று மட்டும் எழுதிய பெயரில்லாத வெள்ளை மாத்திரையோடு வீட்டுக்கு வராதீர்கள். நள்ளிரவில் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸில் வருபவருக்கு அது என்ன மருந்து என்று எப்படித் தெரியும்? அவசர வைத்தியத்தை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று நாட்டின் அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவே சொல்கிறது. உயிருக்குப் போராடுபவரிடம் முதலில் பணத்தைக் கேட்டால் அதை எடுத்துச் சொல்லுங்கள்.

பார்த்ததை என்ன செய்வது? அன்றே, கிளம்புவதற்கு முன், பொறுப்பு சிஸ்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். முதலில் நன்றாக இருந்ததைச் சொல்லுங்கள், அது சம்பிரதாயத்துக்காக அல்ல. அறுபது பேரைப் பார்த்துவிட்டு நிற்கும் ஒருவருக்கு அது தெரிய வேண்டும். பிறகு எண்ணிக்கையைச் சொல்லுங்கள். "நீங்கள் பாதம் பார்ப்பதில்லை" என்றால் சண்டை வரும். "சர்க்கரை உள்ள பத்துப் பேரிடம் கேட்டேன், இரண்டு பேருக்குத்தான் இந்த வருடம் பாதம் பார்த்திருக்கிறது" என்றால் பேச்சு வரும். எங்கள் கிளினிக்கில் நான் முதலில் எண்ணியது அந்த இரண்டுதான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சிஸ்டர் கோபப்படவில்லை, காரணத்தைச் சொன்னார். நைலான் இழை எப்போதோ தொலைந்துவிட்டது. அறையில் கால் வைக்க ஸ்டூல் இல்லை. வயதானவர் ஷூவைக் கழற்றி மாட்டவே ஐந்து நிமிடம் ஆகும், அதற்குள் வெளியே கூட்டம் கத்தும்.

அவரே ஒரு வழியும் சொன்னார். சர்க்கரைக்காரர்கள் வரும் வியாழக்கிழமைகளில், உள்ளே போகும் முன்பே, எடை மேசைக்குப் பக்கத்தில் ஒரு திரை கட்டி அங்கேயே பாதம் பார்த்துவிடலாம், காத்திருக்கும் நேரம் வீணாகாது என்றார். ஸ்டூலைக் கோயில் மண்டபத்திலிருந்து கொடுத்தோம். இழையைக் கிளினிக் வரவழைத்தது. கமிட்டிக் கூட்டக் குறிப்பில் யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுதி வைத்தோம்.

மூன்று மாதம் கழித்து அதே கிழமை, அதே நேரம் மறுபடி போங்கள். வேறு பத்துப் பேரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். நான் போனபோது எண்ணிக்கை ஏழாகியிருந்தது. மீதி மூன்று பேரில் இருவர் வேலைக்குப் போகிறவர்கள், வியாழக்கிழமை வர முடியாமல் வேறு நாளில் வந்து மருந்து மட்டும் வாங்கிப் போகிறவர்கள். இன்னொருவர் நடக்க முடியாமல் மகளை அனுப்புகிறார். அவர் வீட்டு விலாசத்தை மகளிடம் கேட்டு, வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரிடம் கொடுத்திருக்கிறேன்.